படுக்கை பெருகினால் போதுமா?



நாடக மேடையிலே கொலைகாரன் வந்தால் கையிலே கத்தி மின்னும்; காண்போர் பதறி எழுவர். நாட்டிலே உலவும் ஒரு கொலைகாரனுக்கோ கத்தியுமில்லை, காலடி ஓசையுமில்லை. ஆண்டுக்கணக்கில் பதுங்கியிருந்து பாய்கிறான். அவன் பெயர் கருப்பை வாய்ப் புற்று!

சுண்ணாம்புக் கல்லைத் தந்து ஊரார் மாளிகைக்கெல்லாம் சிமெண்ட் அளிக்கும் அரியலூர். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் விளைத்து நம் அடுப்பெரியச் செய்யும் பெரம்பலூர். உழைப்பால் உயர்ந்த இவ்விரு மாவட்டங்களும், தமிழகத்திலே அந்நோய் மிகுந்த மாவட்டங்களின் வரிசையிலே நிற்கின்றன!

விதி என்பர் சிலர். சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டைப் புரட்டுங்கள். அது தொடங்கப்பட்ட 1980களில் பெண்களைத் தாக்கிய புற்றுகளுள் முதலிடம் இதற்கே. இன்றோ இது இறங்கிவிட்டது. மார்பகப் புற்று ஏறிவிட்டது. விதியென்றால், சென்னைக்கு ஒரு விதி, செந்துறைக்கு ஒரு விதியா?

1954இல் 12 படுக்கைகளுடன் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலே இன்று படுக்கைகள் நூற்றுக்கணக்கில். அரியலூருக்கும் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. வரவேற்கிறோம். ஆனால் படுக்கை பெருகினால் மட்டும் போதுமா? படுக்கைக்கு வருவோர் குறைய வேண்டாமா? சேர்ந்தவர் தொகையை எழுதுகிறோம். சேராமலே செத்தவர் தொகையை எந்த ஏட்டில் எழுதுவது?

வழி இல்லாமலில்லை. திண்டுக்கல் மாவட்டச் சிற்றூர்களிலே 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களைப் பயிற்சி பெற்ற செவிலியர் சோதித்தனர். கருவி, நீர்த்த அசிட்டிக் அமிலம். நம் கடையில் விற்கும் வினிகரில் உள்ள அதே அமிலம்! தடவினால் கெட்ட இடம் வெளுத்துக் காட்டும். அங்கேயே உறையவைத்து அழிக்கலாம். ஒரே முறை சோதித்ததிலேயே இந்நோயின் சாவு 35 விழுக்காடு குறைந்ததென 2007இல் உலகுக்கு அறிவித்தனர். இந்நோய்க்கு வித்தான கிருமியைத் தடுக்கத் தடுப்பூசியும் உண்டு. 14 வயதுச் சிறுமியருக்கு அதனை இலவசமாய் வழங்க 2025இல் தமிழக நிதிநிலை அறிக்கை வழிவகுத்தது.

ஆயுதம் கையிலே, ஆயினும் அச்சம் நெஞ்சிலே! "ஒருநாள் கூலி போகுமே" என்கிறாள் தாய். "பெண்டிர் நோயைப் பேசலாமா?" என்கிறார் தந்தை. ஒருநாள் கூலிக்குத் தயங்கியவள் ஓராயுட்காலத்தை இழக்கிறாள்; பேச நாணிய வீட்டிலே பிணம் விழுந்தபின் ஊரே பேசுகிறது!

ஆட்சியாளரே, சோதனை நாளைக் கூலியுள்ள நாளாக்குங்கள். செவிலியரைக் களத்துமேட்டுக்கும் கல்குவாரிக்கும் அனுப்புங்கள். எத்தனை படுக்கை என்று மட்டுமல்ல, எத்தனை பெண்களைச் சோதித்தீர் என்றும் ஆண்டுதோறும் கணக்குக் காட்டுங்கள்.

இதைப் படிக்கும் ஆடவரே! ஏட்டை மடித்து வைத்ததும் வீட்டுக்குள் செல்லுங்கள். "சோதனைக்குப் போய் வருவோம், நானும் உடன் வருகிறேன்" என்று சொல்லுங்கள். நாளைக்கன்று, இன்றைக்கே!