தாளா, கணிப்பொறியா?

பாடம் நடத்தப்பட்ட விதம் பற்றி மாணவரிடமே கருத்துக் கேட்பது புதிய வழக்கமன்று. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ரெம்மர்ஸ் என்பவர் 1927-ஆம் ஆண்டிலேயே இதற்கென ஓர் அளவுகோல் வகுத்தார். நம் நாட்டில் கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் 'நாக்' அமைப்பு 2017-இல் மாணவர் கருத்தாய்வை இணையவழிக்குக் கொண்டுவந்தது. நம் பள்ளியிலும் சென்ற ஆண்டு தாளில் கேட்டார்கள். இவ்வாண்டு கைபேசியில் கேட்டார்கள். இரண்டையும் நிரப்பியவர்கள் என்ற உரிமையில் எழுதுகிறோம்.

தாளில் ஓர் அச்சம் இருந்தது உண்மைதான். எங்களுள் ஒருத்தி போடும் 'ழ'கரம் வகுப்பறிந்தது. பெயர் எழுதாவிட்டாலும் டீச்சர் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே அவள் எல்லாவற்றுக்கும் 'நன்று' என்று எழுதிக் கொடுத்தாள். கைபேசியில் அந்தக் கவலை இல்லை. எழுதுவோர் நாலு வரி கூடுதலாகவும் எழுதுகிறார்கள். ஆனால் படிவம் திறந்ததும் வரிசை எண்ணைக் கேட்டது. எண்ணை வாங்கிக்கொண்டு 'இரகசியம் காக்கப்படும்' என்றால் யார் நம்புவது? போதாக்குறைக்கு, அது அப்பாவின் கைபேசி. தோளுக்குப் பின்னால் அம்மா வேறு!

வகுப்பில் பாதிப் பேர்கூட நிரப்பவில்லை. எங்கள் சோம்பல் மட்டுமே காரணமன்று. ஆஸ்திரேலியாவில் டங்கன் நல்டி 2008-இல் ஒப்பிட்டுக் காட்டிய பல்கலைக்கழக ஆய்வுகளில், தாளில் கேட்டபோது சராசரி 56 விழுக்காட்டினரும் இணையத்தில் கேட்டபோது 33 விழுக்காட்டினரும் பதிலளித்திருந்தனர். ஆசிரியருக்குக் கிடைக்கும் சராசரி மதிப்பெண் இதனால் அதிகம் மாறுவதில்லை என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. இருக்கலாம். எங்கள் கேள்வி சராசரியைப் பற்றியதன்று.

சென்ற ஆண்டு ஒரு தாளில், "சமன்பாடுகளை எழுதியவுடன் அழிக்க வேண்டாம், டீச்சர்" என்று ஒரே வரி இருந்தது. மறுவாரம் முதல் வேதியியல் டீச்சர் கரும்பலகையின் இடப்பாதியை மணி அடிக்கும்வரை அழிக்காமல் விட்டார்கள். அதை எழுதியவள் வகுப்பில் வாயே திறக்காத தோழி; பின்னால்தான் எங்களிடம் சொன்னாள். அவள் வீட்டில் அத்தகைய கைபேசி இல்லை. இவ்வாண்டு அவளுக்குச் சொல்ல என்ன இருந்ததோ, யாருக்கும் தெரியாது.

எனவே தலைமை ஆசிரியை அருட்சகோதரி அவர்களிடம் பணிவுடன் கேட்கிறோம்: வரும் ஆண்டு வகுப்பு நேரத்திலேயே அரைமணி ஒதுக்கித் தாருங்கள். தாளானாலும் சரி, கணிப்பொறி அறையானாலும் சரி. வரிசை எண் மட்டும் வேண்டாம், சிஸ்டர்.