மெரினாவின் மணல் எங்கிருந்து வந்தது?



சென்னையில் கடற்கரையைக் கண்டு களிக்க எங்கே போகலாம் என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். மெரினா என்பார்கள், இல்லாவிட்டால் எலியட்ஸ் கடற்கரை என்பார்கள். இராயபுரத்துக்குப் போங்கள், திருவொற்றியூருக்குப் போங்கள், எண்ணூருக்குப் போங்கள் என்று சொல்பவரைக் காண்பது அரிது. "அங்கே என்ன இருக்கிறது? கருங்கல்லும் லாரியும் புகைபோக்கியும்தானே!" என்று கேட்பவர்களே மிகுதி. ஆனால் அறிவியல் பயிலும் மாணவருக்குக் கடற்கரையில் கழிக்க ஒரே ஒரு நாள்தான் கிடைக்கிறது என்றால், அவர் போக வேண்டிய திசை வடக்குதான் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு காலத்தில் சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் கரைக்கு எட்டத்தில் நங்கூரமிட்டு நிற்கும். மனிதர்களும் சரக்கும் மசூலாப் படகுகளில் ஏறி, அலைகளைக் கடந்து கரை சேர வேண்டும். இந்தத் தொல்லையைத் தீர்க்க 1875-ஆம் ஆண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டும் பணி தொடங்கியது. 1881 நவம்பரில் வீசிய புயல் அவற்றைச் சிதைத்தது. எனினும் மீண்டும் கட்டினார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கடலுக்குள் நீண்ட இரண்டு கற்சுவர்கள் எழுந்து நின்றன.

இனி அலையைக் கவனியுங்கள். அலை எப்போதும் கரையை நேராக மோதுவதில்லை. பெரும்பாலும் சாய்வாகவே வந்து மோதுகிறது. வரும்போது மணலைச் சாய்வாக மேலே தள்ளுகிறது. திரும்பும்போது நீர் சரிவின் வழியே நேராக இறங்குகிறது. எனவே ஒவ்வோர் அலைக்கும் மணல் துகள் சிறிதாவது பக்கவாட்டில் நகர்ந்துவிடுகிறது. ரம்பத்தின் பற்களைப் போன்றது அதன் பாதை. ஆண்டின் பெரும்பகுதியில் தென்மேற்குக் காற்றின் அலைகள் மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றின் சில மாதங்களில் மட்டும் அது தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால், ஆண்டுதோறும் பல லட்சம் கனமீட்டர் மணல் நம் கரையோரமாக வடக்கு நோக்கிப் பயணம் செய்கிறது. ஒரு லாரியில் 10 கனமீட்டர் ஏற்றலாம் என்று வைத்துக் கொண்டால், ஒரு லட்சம் கனமீட்டருக்கே 10,000 லாரிகள் வேண்டுமே!

ஆக, கரையோரத்தில் கண்ணுக்குத் தெரியாத மணல் ஆறு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. துறைமுகச் சுவர் அந்த ஆற்றின் குறுக்கே கட்டிய அணையாயிற்று. அணைக்குத் தெற்கே மணல் குவிந்தது, மெரினா அகன்றது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸ் அன்று கடலுக்கு மிக அருகில் இருந்தது. இன்று அது விவேகானந்தர் இல்லம். அதன் வாசலிலிருந்து அலையில் கால் நனைக்க எவ்வளவு தூரம் மணலில் நடக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

அணைக்கு வடக்கே நடந்தது என்ன? இருந்த மணலை அலை வழக்கம்போல் எடுத்துச் சென்றது. அதற்கு ஈடாகப் புது மணல் வரவில்லை. இராயபுரம் தொடங்கி வடக்கே கரை கரைந்தது. வீடுகளும் தெருக்களும் கடலுக்கு இரையாயின. எஞ்சியதைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டினார்கள். மணல் இருந்த இடத்தில் இன்று கல் இருப்பதன் காரணம் இதுவே. தெற்கே சேர்ந்த மணலும் வடக்கே தொலைந்த நிலமும் ஒரே கணக்கின் வரவும் செலவும் ஆகும். வரவை மட்டும் பார்த்துவிட்டு, 'அழகான கடற்கரை' என்று மகிழ்ந்து திரும்புவது பாதிக் கணக்கைப் படிப்பது போலத்தான்.

மீதிக் கணக்கை எப்படிப் படிப்பது? ஒரு குறிப்பேடு, ஒரு காந்தம், ஓர் ஆரஞ்சுப் பழம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, ஆசிரியரோடு கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலில் ஏறுங்கள். முதலில் இராயபுரம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இந்த நிலையத்திலிருந்துதான் புறப்பட்டது. அங்கிருந்து காசிமேடு மீன்பிடித் துறைமுகம் தொலைவில்லை. விடியற்காலையில் போனால் ஏலத்தைக் காணலாம். எத்தனை வகை மீன்கள் என்று எண்ணுங்கள். பெயர்களை மீனவர்களிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை போனால் விசைப்படகுகள் கரையில் ஓய்வெடுக்கும். அது மீன்கள் இனம் பெருக விடப்படும் தடைக்காலம்.

அடுத்துத் திருவொற்றியூர். கடலுக்குள் நீளும் கல் வரிசைகளை இங்கே காண்பீர்கள். இவற்றைத் 'தூண்டில் வளைவு' என்கிறார்கள். நகரும் மணலைப் பிடித்து நிறுத்துவதே இவற்றின் வேலை. ஒரு தூண்டில் வளைவின் தெற்குப் பக்கத்தில் மணல் எத்தனை தப்படி அகலம், வடக்குப் பக்கத்தில் எத்தனை தப்படி என்று அளந்து பாருங்கள். துறைமுகம் பெரிய அளவில் செய்ததை இது சிறிய அளவில் செய்வது விளங்கும். ஆரஞ்சுப் பழத்தை அலையில் எறிந்து, பத்து நிமிடத்தில் அது எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் போகிறது என்று குறியுங்கள். காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து உலர்ந்த மணலில் இழுங்கள். ஒட்டிக்கொள்ளும் கரிய துகள்கள் இரும்புக் கனிமங்கள். ஆனால் ஈரப் பாறைகள் மீது ஏறாதீர்கள். கடலில் இறங்கவும் கூடாது. இக்கரையில் அலை முரட்டுத்தனமானது.

கடைசியாக எண்ணூர். கொசஸ்தலை ஆறு கழியாக விரிந்து கடலில் கலக்கும் முகத்துவாரம் இங்கே இருக்கிறது. ஏற்றத்தின்போது கடல்நீர் உள்ளே வரும். இறக்கத்தின்போது ஆற்றுநீர் வெளியே போகும். இப்படி உவர்நீரும் நன்னீரும் கலக்கும் கழிதான் இறால் குஞ்சுகளுக்குத் தொட்டில். அந்தத் தொட்டிலுக்கு வந்த கேடுகளையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அனல்மின் நிலையச் சாம்பல், குழாய்க் கசிவினால் கழியில் படிந்து அதன் ஆழத்தைக் குறைத்திருக்கிறது. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையெங்கும் ஒதுங்கியது. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு கழியிலேயே எண்ணெய்ப் படலம் பரவி, வலைகளும் படகுகளும் கறுத்தன.

"அப்படியானால் துறைமுகமும் மின் நிலையமும் வேண்டாம் என்கிறீர்களா?" என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. நீங்கள் இரவில் படிக்கும் விளக்குக்கு வேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கு இந்தப் பகுதியிலிருந்து வருகிறது. நாட்டுக்குத் துறைமுகம் தேவை. ஆனால் பயன் ஊருக்கெல்லாம், இழப்பு காசிமேட்டுக்கும் எண்ணூருக்கும் மட்டும் என்பது எந்த விதத்தில் நியாயம்? அறிவியல் இதற்கு வழி காட்டாமலும் இல்லை. ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்டில், தடைபட்ட மணலைக் குழாய் வழியே மறுபக்கத்துக்கு அனுப்பும் அமைப்பு 1986 முதல் இயங்குகிறது. புதுச்சேரியிலும் துறைமுகச் சுவர்களால் நகரின் கடற்கரை கரைந்து போயிருந்தது. தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் கடலடியில் ஒரு செயற்கைத் திட்டு அமைத்தபின் அங்கே ஒரு பகுதியில் மணல் திரும்பியிருக்கிறது. தூண்டில் வளைவு ஓரிடத்தைக் காத்தாலும் அரிப்பை அதற்கு வடக்கே தள்ளிவிடும். மணலையே கடத்திவிடுவது அந்தக் குறை இல்லாத முறை.

ஆகவே நான் வேண்டுவன இரண்டு. பள்ளிச் சுற்றுலாப் பட்டியலில் வட சென்னைக் கடற்கரை இடம்பெற வேண்டும். கன்டெய்னர் லாரிகளுக்கு அஞ்சாமல் மக்கள் கடலோரம் நடந்து செல்ல அங்கே நல்ல நடைபாதையும் அமைய வேண்டும். யாரும் போய்ப் பார்க்காத கரைக்காக யாரும் பேசமாட்டார்கள்.

போகும்போது ஒன்றை மறக்காதீர்கள். அது வேடிக்கைப் பொருள் அல்ல. பல்லாயிரம் பேர் உழைத்து வாழும் இடம். கேட்டுவிட்டுப் படம் எடுங்கள், குப்பையைப் போடாதீர்கள், முடிந்தால் மீன் வாங்கி வாருங்கள். பிறகு ஒரு மாலை மெரினாவுக்கும் போங்கள். ஒரு கை மணலை அள்ளி, "நீ போக வேண்டிய ஊர் எது?" என்று கேளுங்கள். விடை உங்கள் குறிப்பேட்டிலேயே இருக்கும்.