முந்திப் பிறந்தோரும் சிறுநீரகமும்

ஏழாம் மாதத்துப் பிள்ளை தப்பும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தப்பாது என்றொரு பேச்சு நம்மவரிடையே நெடுங்காலமாக உண்டு. அது தவறு. கருப்பையிலே தங்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு ஆதாயமே. நாற்பது, ஐம்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் அந்த வாரங்களின் பயன் உடலிலே தெரியும். சிறுநீரகமே அதற்குச் சான்று.

சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் சராசரியாக 10 இலட்சம் அளவில் நெப்ரோன் எனப்படும் நுண்ணிய வடிகள் உள்ளன. இரத்தத்தை வடித்துக் கழிவை அகற்றுவன இவையே. இவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களிலே உருவாகின்றன. ஏறத்தாழ 36ஆம் வாரத்துடன் அவ்வேலை முடிந்துவிடுகிறது. பின்னர் வாழ்நாளிற் புதிதாக ஒன்றும் தோன்றுவதில்லை. 37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைமாதப் பிறப்பு. மிக முந்திப் பிறந்த குழந்தைக்குப் பிறந்த பின்னும் சில வாரம் இவை உருவாகும். ஆயினும் கருப்பையில் உருவாவன போலச் செவ்வையாக அமைவதில்லை.

வடிகள் குறைந்தால் நேர்வது என்ன? தோட்டத்துக்குப் பத்துப் பேர் இறைக்கும் நீரை ஆறு பேர் இறைக்க நேர்ந்தாற் போல, உள்ளவை மிகையாக உழைத்து நாளடைவிற் பழுதடைகின்றன, குருதியமுக்கமும் ஏறுகிறது. இக்கருத்தை 1988இல் அமெரிக்க மருத்துவ அறிஞர் பிறெனரும் அவர்தம் துணைவரும் எடுத்துரைத்தனர். 1973 முதல் 2014 வரை சுவீடனிற் பிறந்த 40 இலட்சத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து, 2019இல் வெளியான ஆய்வொன்று அதற்கு வலுவூட்டியது. நாட்பட்ட சிறுநீரக நோய் குறைமாதத்திற் பிறந்தோரிடம் ஏறக்குறைய இரு மடங்காகவும், 28 வாரத்துக்கு முன் பிறந்தோரிடம் மூன்று மடங்காகவும் காணப்பட்டது. எனினும் பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை. முந்திப் பிறந்தோரிற் பெரும்பாலோர்க்கு இந்நோய் வருவதில்லை.

குடாநாட்டிலே சிறுநீரக நோய் என்றதும் கிணற்று நீரையே பழிப்பது நம் வழக்கம். நீரைக் கவனிக்க வேண்டியதுதான். ஆனால் நோயாளி எத்தனையாம் வாரத்திற் பிறந்தார் என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வியே. விடையோ பல வீடுகளில் இல்லை. பிறப்பு நிறையும் வளர்ச்சியும் குறித்த சுகாதாரப் பதிவேடு, பிள்ளை பள்ளிக்குப் போனதும் அலுமாரியில் மறைந்துவிடுகிறது. அதைக் காணி உறுதியைப் போலப் பேணுதல் நன்று.

முந்திப் பிறந்த பிள்ளைக்குத் தாய்ப்பாலே சிறந்த உணவு. மெலிவைக் கண்டு மனம் பொறாது அளவுக்கு மீறி ஊட்டிக் கொழுக்க வைத்தலும் சிறுநீரகத்துக்குச் சுமையே. கருவாடும் ஊறுகாயும் மோர் மிளகாயும் அளவோடு இருக்கட்டும். மருத்துவர் சொல்லாமல் நோவுக் குளிசை வாங்கி விழுங்குதல் ஆகாது. சிறுவயது முதலே குருதியமுக்கத்தை இடையிடையே அளப்பித்து, சிறுநீரையும் பரிசோதிப்பித்தல் வேண்டும். முந்திப் பிறந்த பெண் தாயாகும் காலத்தில், தன் பிறப்பு விவரத்தைக் கிளினிக்கிலே முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

குறைமாதத்திற் பிறந்தமை குறையன்று. மறைக்க வேண்டிய செய்தியுமன்று. மருத்துவர்க்குத் தெரிந்தால் நோயை முளையிலேயே கண்டுகொள்ளலாம். வளர்ந்த பிள்ளையிடம் அதனை எடுத்துச் சொல்வது பெற்றோரின் கடமை.