இளைச்ச குதிரைக்கு எள்ளா... கொள்ளா?



'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு'ன்னு உங்க வீட்டுப் பாட்டி கட்டாயம் சொல்லியிருப்பாங்க. ஒல்லிப்பிச்சானா இருந்தா எள்ளுருண்டை சாப்பிடணும், தொப்பை போட்டா கொள்ளு ரசம் குடிக்கணும். ஓகே. இளைச்சுப் போனது ஒரு குதிரையா இருந்தா? குதிரைன்னாலே கொள்ளுதானே? அப்போ எதைக் கொடுக்கறது?

சும்மா பொழுதுபோகாம கேட்கலை பாஸ். நம்ம திண்டுக்கல் மாவட்டத்துக்காரங்களுக்கு இது சொந்த விஷயம். பழனின்னா பஞ்சாமிர்தத்துக்கு அடுத்து ஞாபகம் வர்றது குதிரை வண்டி. தாத்தா காலத்துல திண்டுக்கல் டவுன்லயும் ஜட்கா ஓடுச்சு. இன்னும் பின்னாடி போனா, 1755-ல் ஹைதர் அலி இந்த ஊருக்கு ஃபவுஜ்தாரா வந்து, மலைக்கோட்டையை வச்சுக்கிட்டுத்தான் தன் படையையே பெருசாக்கினார். ஆட்டோ வந்துச்சு, சவாரி குறைஞ்சுச்சு. சவாரி குறைஞ்சா முதல்ல குறையறது குதிரையோட தீவனம். அதனாலதான் விலா எலும்பை ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுற மாதிரி ஒரு குதிரை எங்கேயாவது நம்ம கண்ணுல படுது.

உடனே நமக்கு மனசு இளகிடும். பக்கத்துக் கடையில பன், பிஸ்கட், ஒரு சீப்பு வாழைப்பழம்... இல்லைன்னா ஒரு படி கொள்ளு வாங்கி முன்னாடி கொட்டிடுவோம். அங்கேதான் ஆபத்து. பல நாள் பட்டினி கிடந்த குதிரைக்கு ஒரே நாள்ல வயிறு முட்டப் போட்டா அது செத்தே போகலாம்!

எப்படி? பட்டினி கிடக்கிற உடம்பு தன் கொழுப்பையும் சதையையுமே எரிச்சு ஓட்டிக்கிட்டு இருக்கும். திடீர்னு மாவுச்சத்து உள்ளே போனா இன்சுலின் எகிறும். ரத்தத்துல மிச்சம் இருக்கிற பாஸ்பரஸ், மெக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் செல்களுக்குள்ள ஓடிடும். இதயம் தடுமாறும். மனுஷங்களுக்கும் இதே கதைதான். 1945-ல் நாஜி முகாம்கள்லேர்ந்து மீட்கப்பட்டவங்கள்ல சிலர், விடுதலை கிடைச்ச பிறகு வயிறாரச் சாப்பிட்டே இறந்து போனாங்க.

இதுல குதிரையோட வயித்து அமைப்பும் சேர்ந்துக்கும். மாட்டுக்கு மாதிரி நாலு அறை கிடையாது. அவ்வளவு பெரிய உடம்புக்கு இரைப்பை 8-லேர்ந்து 15 லிட்டர்தான். கிட்டத்தட்ட ஒரு குடம்! புல்லைச் செரிக்கிற வேலை பின்குடல்ல, கோடிக்கணக்கான நுண்ணுயிர்களால நடக்குது. தானியம் அதிகமாகி அங்கே வழிஞ்சா நுண்ணுயிர்கள் செத்து, புளிச்சு, வயித்து வலியில குதிரை உருளும். குளம்புக்குள்ள வீங்கி நடக்க முடியாமப் போகும். வாந்தி எடுத்தாவது தப்பிக்கலாம்னா, குதிரையால வாந்தி எடுக்கவே முடியாது.

'குதிரைக்கு என்ன கொடுக்கணும்'ங்கிற குழப்பம் நம்ம மண்ணுக்குப் புதுசு இல்லை. 13-ம் நூற்றாண்டுக் கடைசியில பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே வருஷத்துக்கு 2,000-க்கும் மேல குதிரைகளைக் கப்பல்ல இறக்குமதி பண்ணினாங்க, பராமரிக்கத் தெரியாததால பெரும்பாலானவை செத்துப் போச்சுன்னு எழுதியிருக்கார். அரிசிச் சோறும் வெந்த கறியும் குதிரைக்குப் போட்டாங்களாம்! பாசம் இருந்துச்சு, பக்குவம் தெரியலை.

சரி, பக்குவம்தான் என்ன?

முதல்ல, ஏன் இளைச்சுதுன்னு கண்டுபிடிக்கணும். குதிரைக்குப் பல்லு ஆயுசுக்கும் மேல வந்துக்கிட்டே இருக்கும். தேய்மானம் சரியில்லைன்னா ஓரம் கத்தி மாதிரி ஆகிடும். பாதி மென்ன புல்லு உருண்டை உருண்டையா வாயிலேர்ந்து விழுதா? சாணியில முழுத் தானியம் கிடக்குதா? பல்லைப் பாருங்க. வயிறு மட்டும் பானை மாதிரி, முதுகெல்லாம் எலும்பா? குடல் புழுவா இருக்கலாம். புழு மருந்தை டாக்டர் சொல்ற அளவுல, அவர் சொல்ற நேரத்துல கொடுக்கணும்.

அடுத்தது எடை. எடைமேடைக்குக் கூட்டிப் போக வேண்டாம், ஒரு டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னாடி மார்புச் சுற்றளவு, தோள் முனையிலேர்ந்து பின்தொடை முனை வரைக்கும் நீளம். ரெண்டும் செ.மீ.யில. சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 11,880. அவ்வளவுதான், கிலோ வந்துடும். சுற்றளவு 145, நீளம் 140 இருந்தா சுமார் 248 கிலோ. (இன்ஜினீயரிங் பசங்களா, கால்குலேட்டர் இல்லாம ட்ரை பண்ணுங்க!) உடல்வாகுக்கும் மார்க் உண்டு. 1983-ல் அமெரிக்காவுல டான் ஹெனக்கி கொண்டு வந்த 1 டு 9 ஸ்கேல். 1 எலும்புக்கூடு, 9 குண்டு. 5 எடுத்தா ஃபர்ஸ்ட் கிளாஸ்: விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது, கையால தடவினா தெரியணும்.

இப்போ மெனு. ரொம்ப மோசமான நிலையில இருக்கிற குதிரைகளை வச்சு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்துல ஆராய்ச்சி பண்ணினாங்க. நல்ல பலன் தந்தது எது தெரியுமா? அல்ஃபால்ஃபா. நம்ம ஊர்ல அதுக்குப் பேரே குதிரை மசால்! மாவுச்சத்து கம்மி, புரதமும் மெக்னீசியமும் ஜாஸ்தி. முதல் மூணு நாள், பெரிய குதிரைக்கே நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை அரைக் கிலோ காய்ந்த மசால்தான். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டி, பத்தாவது நாள் வாக்குலதான் கேட்கிற அளவுக்குத் தீனி. சுத்தமான தண்ணி எப்பவும் பக்கத்துல இருக்கணும். டாக்டர் கண்காணிப்பும் வேணும்.

ஆபத்தைத் தாண்டினதும், உடல் எடையில 2 சதவீதம் அளவுக்குக் காய்ந்த புல். 248 கிலோ குதிரைக்கு அஞ்சு கிலோ. பச்சைப் புல்லுல முக்கால்வாசிக்கு மேல தண்ணிங்கிறதால அது 20 கிலோவைத் தாண்டும். நாள் முழுக்க மேயற பிராணி அது, ரெண்டு வேளைச் சாப்பாட்டுக்காரன் இல்லை.

இதுக்குப் பிறகுதான் 'எள்ளு', அதாவது எண்ணெய். கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ, ஒரு ஸ்பூன்ல ஆரம்பிச்சு வாரக்கணக்குல கூட்டணும். மாவுச்சத்து மாதிரி ரெண்டு மடங்குக்கு மேல சக்தி, குடல் புளிக்காது.

கடைசியிலதான் நம்ம மானாவாரிக் காட்டுக் கொள்ளு. ராத்திரி ஊற வச்சு, வேக வச்சு, சின்னச் சின்ன அளவுல. அதுல ஐந்தில் ஒரு பங்குக்கு மேல புரதம். சதை வைக்கத் தேவையான லைசின் பயறு வகையில நிறைய. ஆனா தின்னா மட்டும் சதை வந்துடுமா? ஹாஸ்டல் ரூம்ல புரோட்டீன் பவுடர் டப்பாவை அடுக்கி வச்சுட்டு ஜிம் பக்கமே போகாத நண்பரைக் கேளுங்க! குதிரையையும் முதல்ல கையில பிடிச்சு நடத்தணும், தெம்பு வந்த பிறகு வேலையைக் கூட்டணும்.

ரெண்டு எச்சரிக்கை. தவிட்டை மட்டுமே போட்டா பாஸ்பரஸ் கூடி, கால்சியம் எலும்பிலேர்ந்து உருவப்படும். கோழித் தீவனம், மாட்டுத் தீவனம் சிலதுல மோனென்சின் கலந்திருக்கும். கோழிக்கு மருந்து, குதிரைக்கு விஷம்.

இவ்வளவு செய்தாலும் பழைய எடைக்கு வர மூணு முதல் அஞ்சு மாசம் ஆகும். ஓவர்நைட்ல நரி பரியானது திருவிளையாடல்ல மட்டும்தான். அந்த மூணு மாசம் வண்டியில பூட்டலைன்னா வண்டிக்காரர் வீட்டு அடுப்பு எப்படி எரியும்? இன்னிக்கு இழுத்தாதான் இன்னிக்குப் புல்லு. இளைச்ச குதிரைக்குப் பின்னாடி பெரும்பாலும் ஒரு இளைச்ச குடும்பம் நிக்குது. அவரைத் திட்டிட்டுப் போறது ஈஸி. அதனால யாருக்கும் ஒரு கிலோ கூடப் போறதில்லை.

நீங்க என்ன பண்ணலாம்? பன்னை நீட்டறதுக்கு முன்னாடி வண்டிக்காரர்கிட்ட, "அண்ணே, இது என்ன சாப்பிடும்?"னு கேளுங்க. அவர் சொல்ற புல்லுக்கட்டை வாங்கிக் கொடுங்க. கேங்கா போனா எட்டுப் பேர் ஒரே வண்டியில தொத்தாதீங்க. 1965-ம் வருஷ விதிப்படி டிரைவரும் ஆறு வயசுக்குக் கீழே உள்ள குழந்தைகளும் போக நாலு பேர்தான். வெயில் 37 டிகிரியைத் தாண்டற இடத்துல பகல் 12-லேர்ந்து 3 வரைக்கும் வண்டியில பூட்டவே கூடாது. குதிரை படுத்த படுக்கையா இருந்தா 1962-க்கு போன் போடுங்க, கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர்.

பாட்டி கேட்டா சொல்லுங்க: குதிரைக்கு முதல்ல புல்லு, அப்புறம் எள்ளு, கடைசியிலதான் கொள்ளு. அவசரம் மட்டும் கூடவே கூடாது.

அடுத்த வாரம் மீட் பண்ணலாம்!