முற்றத்து ஜல்லிக்கு அடியில கருப்புத் துணி எதுக்கு?

நம்ம பக்கம் புதுசா வீடு கட்டுறவங்க பலபேர் முற்றத்துல முக்கால் ஜல்லி கொட்டுறாங்க. அதுக்கு முன்னாடி கருப்பா ஒரு துணியை விரிக்கிறாங்க. நர்சரியில வீட் மேட்னு கேட்டா கிடைக்கும். "இதப் போட்டா களையே வராதாமே, போடலாமா அண்ணாச்சி?"ன்னு எங்கிட்டயும் கேக்காங்க. களைக்காகன்னா வேண்டாம்னுதான் சொல்லுவேன்.

களை அடியில இருந்து மட்டுமா வருது? ஆனி, ஆடிக் காத்துல வயக்காட்டுப் புழுதி பூரா முற்றத்துலதான் வந்து உக்காருது. மாசி, பங்குனியில வேப்பிலை கொட்டுது. எல்லாம் ஜல்லி இடுக்குல இறங்கி மக்கி, ரெண்டு மூணு வருஷத்துல துணிக்கு மேலயே மண்ணு சேந்துரும். ஐப்பசி மழை விழுந்ததும் குப்பைமேனியும் அருகும் அதுல வேர் பிடிச்சிரும். 2023 டிசம்பர் 17, 18-ல தாமிரபரணி ஏறி வந்தப்போ ஆத்தங்கரை ஊர்கள்ல வீட்டுக்குள்ளயே சகதி நின்னுச்சு. முற்றத்தைப் பத்திக் கேக்கணுமா?

கோரை விஷயம் இன்னும் மோசம். மெலிசான துணின்னா அதோட முளை ஊசி மாதிரி குத்திட்டு மேல வந்துரும். இழுத்தா தாள்தான் கையோட வரும், கிழங்கு துணிக்கு அடியில பத்திரமா இருக்கும். மண்வெட்டி போடவும் வழியில்ல.

எனக்குப் பெரிய கவலை வேற. அந்தத் துணி பாலிபுரொப்பிலீன், பிளாஸ்டிக்தான். ஜல்லி விலகின இடத்துல வெயில் பட்டு இழை இழையாப் பிரியும். முற்றம் பெருக்குன குப்பை எங்க போகுது? எருக்குழிக்கு. எரு எங்க போகுது? பிசானத்துக்குத் தொளி அடிக்கிற வயலுக்கு. அங்க போன இழையை யாரு பொறுக்க?

டிராக்டர் நிக்கிற இடம், களிமண் தரைன்னா கதை வேற. அங்க துணி இல்லேன்னா ஜல்லி சேத்துக்குள்ள இறங்கிட்டே இருக்கும். ரோடு போடுறவங்களும் இதுக்குத்தான் விரிக்காங்க. 2020-ல பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்துல தேங்காய் நார் விரிப்புக்கே ஒப்புதல் குடுத்தாங்க. அந்த ஒரு இடத்துக்குக் கெட்டித் துணியாப் பாத்து வாங்கிப் போடுங்க. மத்த இடத்தை மண்ணாவே விட்டு, கோடையில கோரைக்கிழங்கைத் தோண்டி வெயில்ல காயப்போடுங்க.

ஏற்கெனவே போட்டவங்க பங்குனி முடிஞ்சதும் ஜல்லியை வாரிச் சலிச்சுப் போட்டா கொஞ்ச காலம் தாங்கும். சலிச்ச மண்ணைத் தென்னை மூட்டுல தட்டலாம், கருப்பு இழை கிடக்கான்னு பாத்துட்டு.