முன் வரிசைக்கு மட்டும் உறை எதற்கு?

நாற்காலி உறை பற்றி ஒரு நீண்ட பதிவு. கொஞ்சம் பொறுமையா படிங்க.

போன நவராத்திரிக்கு நாங்கள் தொண்டூழியர்கள் நாலு பேர், வீட்டில் வைத்தே பன்னிரண்டு நாற்காலிக்கு உறை தைத்தோம். மஞ்சள் சாட்டின், பின்னால் சிவப்பு முடிச்சு. பார்க்க கல்யாண மண்டபம் மாதிரி அழகாத்தான் இருந்தது. பன்னிரண்டும் முன் வரிசைக்குப் போனது. பிரமுகர்களுக்கு, உபயகாரர்களுக்கு.

மூன்றாம் நாள் இரவு, முழங்கால் ஆபரேஷன் செய்த ஒரு பாட்டி பின்னால் வெறும் பிளாஸ்டிக் நாற்காலியில் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் ஐந்து நாற்காலி காலி. "பாட்டி, முன்னுக்கு வாங்க"ன்னு கூப்பிட்டோம். "அது பெரியவங்களுக்கும்மா" என்றார். 78 வயசு. அவரைவிடப் பெரியவங்க யாரு அந்த மண்டபத்தில்?

தப்பு எங்களுடையதுதான். நிர்வாகம் கேட்டது, நாங்களும் யோசிக்காமல் தைத்துக் கொடுத்தோம். அதனால் இப்போது சொல்கிறோம்: இனி நாங்கள் தைப்பது அலங்கார உறை இல்லை. முட்டி வலிக்கிறவங்க உட்கார குஷனும் அதற்கு உறையும்தான். பிரமுகர் வந்தால் மாலை போடுங்க, மரியாதை பண்ணுங்க. நாற்காலியில் வித்தியாசம் வேண்டாம்.

சாட்டினும் வேண்டாம். வழுக்குது. வயசானவங்க எழுந்திருக்கும்போது குஷனோடு சேர்ந்து நகர்ந்துவிடும். நம்ம ஊர் வெக்கையில் வேர்வையும் உறிஞ்சாது. பாலியஸ்டர் வகை, தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கற்பூரமும் விளக்கும் உள்ள இடத்தில் அது தேவையா? பருத்தியும் எரியும்தான், அதனால் எந்த உறையானாலும் ஹோம குண்டத்துக்குப் பக்கத்தில் போடாதீங்க. ஆனால் கெட்டியான பருத்திதான் நமக்குச் சரி. கிள்ளான் தெங்கு கிளானா சாலைத் துணிக்கடைகளில் ஏறி இறங்கினாலே கிடைக்கும். அடர்ந்த நிறமா வாங்குங்க, குங்குமக் கறை தெரியாது. ஓம் எழுத்தோ சாமி படமோ அச்சடித்த துணி கண்டிப்பாக வேண்டாம். உட்காருகிற இடம் அது.

தைக்கத் தெரிந்தவர்களுக்கு அளவு சொல்லிடுறோம். ஸ்பாஞ்ச் 15 அங்குலச் சதுரம், கனம் ஓர் அங்குலம். முதல் தடவை அந்தக் கனத்தை மறந்து வெட்டி, உறைக்குள் ஸ்பாஞ்ச் நுழையாமல் மூன்று உறையைப் பிரித்தோம். அதனால் 15, கனத்துக்கு ஒன்று, இரண்டு பக்கத் தையலுக்கு ஒன்று, ஆக 17. மேல் துண்டு 17க்கு 17. அடியில் 17க்கு 12 ஆக இரண்டு துண்டு. உள் ஓரத்தை ஓர் அங்குலம் மடித்துத் தைத்தால், ஒன்றின்மேல் ஒன்று 5 அங்குலம் ஏறி நிற்கும், தலையணை உறை மாதிரி. ஜிப் வேண்டாம். ஈரத்தில் துருப்பிடிக்கும், பல் உடைந்தால் முழு உறையும் வீண். 45 அங்குல அகலத் துணியில் ஒரு குஷனுக்கு அரை மீட்டர் போதும். மிச்சத்தில் நாடா வெட்டி நாற்காலியின் பின்காலில் கட்டுங்க. முக்கியமா, வெட்டும் முன்னே துணியை ஒரு தடவை துவைத்துக் காய வையுங்க. பருத்தி சுருங்கும்.

இப்போ புலனக் குழுவில் சூடான விஷயத்துக்கு வருகிறோம். "அம்மனுக்குச் சாத்திய புடவை அலமாரி நிறைய இருக்கே, அதை வெட்டித் தைத்தால் காசு மிச்சம்தானே?" என்று சிலர் கேட்டாங்க. கேட்டவங்க நல்ல எண்ணத்தில்தான் கேட்டாங்க. பூட்டி வைத்தால் பூசணம் பூத்து வீணாப் போவதும் உண்மை. ஆனாலும் எங்களுக்கு மனசு ஒப்பவில்லை. வேண்டுதலோடு ஒருவர் கொண்டுவந்து அம்மன் மேனியில் சாத்தியது, பிரசாதம். அதை உடுத்தலாம், உட்காரக்கூடாது. புடவை தேங்குகிறது என்றால் சீக்கிரம் கொடுங்க. தீபாவளிக்குப் புதுப் புடவை வாங்க முடியாத அக்காமார் நம்ம கோவிலுக்கே வருகிறார்கள், நமக்குத் தெரியாதா? அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவங்கதான் மனசு வைக்கணும். உங்கள் வீட்டுப் பழைய பருத்திப் புடவை, திரைச்சீலை என்றால் தாராளமாகக் கொண்டு வாங்க. நைந்த பக்கத்தைத் தள்ளிவிட்டு வெட்டிக்கலாம்.

முதலில் முப்பது குஷன் என்று கணக்குப் போட்டிருக்கோம், துணி 15 மீட்டர். உறையைத் துவைக்க வீட்டுக்கு எடுத்துப் போக ஆள் வேண்டும், தைக்கிறதைவிட அதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. மாதம் ஐந்து உறை போதும். ஸ்பாஞ்சையும் அன்றைக்கே வெயிலில் வையுங்க, இல்லாட்டி நாற்றம் வரும்.

ஞாயிறு உச்சிகால பூஜை முடிந்து, அன்னதானக் கூடத்தில் மேசை போடுவோம். இரண்டு மிஷின் இருக்கிறது. ஓவர்லாக் மிஷின் உள்ளவங்க குழுவில் ஒரு வார்த்தை சொல்லுங்க, நாங்களே காரில் வந்து தூக்கிக்கிறோம். தைத்த முதல் குஷன் அந்தப் பாட்டிக்கு.