உடம்பு அவனுடையது, ஃபைல் யாருடையது?

ஒரு லேபுக்குப் போகிறீர்கள். ரத்தம் எடுத்துக்கொள்கிறார்கள். மறுநாள் ரிப்போர்ட் கேட்டால், 'அது ரகசியம் சார், உங்களிடம் தர முடியாது' என்கிறார்கள். ஆனால் அதே ரிப்போர்ட்டின் ஒரு காப்பி உங்கள் மேலதிகாரியின் மேஜைக்குப் போகிறது. இன்னொரு காப்பி, நாளைக்கு நீங்கள் நஷ்டஈடு கேட்டு மனுப் போட்டால் அதைத் தள்ளுபடி செய்யப்போகிற ஆபீசுக்குப் போகிறது. உங்களுக்கு என்ன வியாதி என்பது உங்களைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரியும். என்ன செய்வீர்கள்? அந்த லேபில் ஒரு கண்ணாடியாவது உடையாதா?

அணுகுண்டு வைத்திருக்கும் நாடுகளில், ராணுவச் சீருடை போட்ட ஏராளமான பேருக்குக் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது. அவர்களால் கண்ணாடியை உடைக்க முடியவில்லை. வாயைத் திறந்தாலே தண்டனை என்று முன்கூட்டியே மிரட்டி வைத்திருந்தார்கள்.

அமெரிக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1945 முதல் 1962 வரை வானத்திலும் தரையிலும் கடலிலும் அந்த நாடு அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தது. அந்தச் சோதனைகளில் கலந்துகொண்ட படையினர் இரண்டு லட்சத்துக்கும் மேல். 1951 முதல் 1957 வரை நெவாடா பாலைவனத்தில் சிப்பாய்களைப் பதுங்குகுழிகளில் உட்கார வைத்து, சில கிலோமீட்டர் தள்ளி குண்டை வெடித்தார்கள். வெடித்த பிறகு, புழுதி அடங்குவதற்குள், அந்த இடத்தை நோக்கி நடக்கச் சொன்னார்கள். அணு யுத்தத்துக்கு ஒத்திகையாம்.

உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு ஏறியது என்று பார்க்க ஒரு சின்ன வில்லை உண்டு. உள்ளே ஃபிலிம் இருக்கும். கதிர்வீச்சு பட்டால் அது கறுக்கும். கறுப்பின் அளவை வைத்துக் கணக்குப் போடுவார்கள். அதைச் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும். எல்லோருக்கும் கொடுத்தார்களா என்றால் இல்லை. பல சமயங்களில் ஒரு பிரிவில் ஓரிருவருக்கு மட்டும் கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்கும் அதே அளவுதான் என்று எழுதிக்கொண்டார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமாக இருக்கலாம். மனிதர்கள் சோறு அல்லவே!

இதையெல்லாம் யாரிடமும் சொல்லக்கூடாது என்பது உத்தரவு. மனைவியிடமும் சொல்லக்கூடாது. பல வருஷம் கழித்து ரத்தம் கெட்டுப்போய் ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டரிடமும் சொல்லக்கூடாது. இந்த வாய்ப்பூட்டை அமெரிக்கப் பாராளுமன்றம் 1996-ல்தான் கழற்றியது. 1957-ல் இருபது வயதில் நெவாடாவில் நின்றவனுக்கு அப்போது ஐம்பத்தொன்பது வயது. உயிரோடு இருந்திருந்தால்.

'எதிரி நாட்டுக்கு விஷயம் தெரிந்துவிடக்கூடாதே, அதற்காகத்தானே ரகசியம்?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நாட்டின் பழைய காகிதங்களே வேறு கதை சொல்கின்றன.

1993 டிசம்பரில் அன்றைய எரிசக்தித் துறை அமைச்சர் ஹேசல் ஓ'லியரி, பழைய அணு ஃபைல்களைத் திறக்க ஆரம்பித்தார். அடுத்த மாதமே, மனிதர்கள் மீது நடந்த கதிர்வீச்சுப் பரிசோதனைகளை விசாரிக்க ஜனாதிபதி கிளிண்டன் ஒரு குழு அமைத்தார். 1995 அக்டோபரில் அறிக்கை வந்தது. அதில் வெளிவந்த காகிதங்களில் ஒன்று, அணுசக்தி கமிஷனில் 1947 ஏப்ரலில் எழுதப்பட்ட குறிப்பு. மனிதர்கள் மீது நடந்த பரிசோதனைகள் பற்றிய எந்த ஆவணமும், மக்கள் கருத்தைப் பாதிக்கும் என்றாலோ வழக்குக்கு இடம் கொடுக்கும் என்றாலோ, வெளியே போகக்கூடாது என்பது அதன் சாரம். ரஷ்யாக்காரனைப் பற்றிய பயம் அல்ல இது. உள்ளூர் வக்கீலைப் பற்றிய பயம்!

அதே 1947-ல், முன்னாள் படைவீரர்களைக் கவனிப்பதற்கென்றே இருக்கிற துறைக்குள், அணு மருத்துவத்துக்கு ஒரு ரகசியப் பிரிவு தொடங்க முடிவானதையும் அந்தக் குழு கண்டெடுத்தது. கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டோம் என்று நாளைக்குச் சிப்பாய்கள் நஷ்டஈடு கேட்டு வந்தால் என்ன செய்வது என்ற கவலைதான் காரணம். யோசித்துப் பாருங்கள். நோயாளி இன்னும் இருமவே ஆரம்பிக்கவில்லை. அதற்குள் அவனுடைய கோரிக்கையைச் சமாளிக்க ஆபீஸ் தயார்.

இங்கேதான் இரண்டு வார்த்தைகளை நாம் பிரித்துப் பார்க்க வேண்டும். ரகசியம் வேறு, அந்தரங்கம் வேறு. அந்தரங்கம் என்பது என் உடம்பைப் பற்றிய விவரம் என் அனுமதி இல்லாமல் மற்றவரிடம் போகக்கூடாது என்பது. அதன் சாவி என்னிடம் இருக்கும். ரகசியம் என்பது என் உடம்பைப் பற்றிய விவரத்தை என்னிடமிருந்தே மறைப்பது. அதன் சாவி அரசாங்கத்திடம் இருக்கும். முன்னது எனக்குக் கவசம். பின்னது எனக்கு விலங்கு. இரண்டையும் ஒரே பூட்டு மாதிரி காட்டி ஏமாற்றுவதுதான் எல்லா ராணுவ அமைச்சகங்களுக்கும் கைவந்த கலை.

சரி, பூட்டையாவது ஒழுங்காகப் பூட்டினார்களா? அதுவும் இல்லை.

1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் இருந்த ராணுவ ஆவணக் காப்பகம் தீப்பிடித்தது. ஒரு கோடியே அறுபது லட்சம் முதல் ஒரு கோடியே எண்பது லட்சம் வரையிலான ஃபைல்கள் போயின. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து வெளியேறியவர்களின் ஃபைல்களில் நூற்றுக்கு எண்பது சாம்பல். நகல் கிடையாது, மைக்ரோஃபிலிம் கிடையாது. அணுகுண்டுச் சோதனையில் நின்ற பல சிப்பாய்களின் காலம் அதற்குள்தான் வருகிறது. அன்றே ஆளுக்கு ஒரு காப்பி கையில் கொடுத்திருந்தால், எத்தனையோ வீட்டுப் பரண்களில் அந்த ஃபைல்கள் பிழைத்திருக்கும்.

அப்புறம் 2006 மே மாதம். அதே படைவீரர் துறையின் ஊழியர் ஒருவர் ஆபீஸ் விவரங்களை வீட்டுக்கு எடுத்துப்போயிருக்கிறார். திருடன் வந்து லேப்டாப்பையும் ஹார்ட் டிஸ்கையும் தூக்கிப்போய்விட்டான். அதில் சுமார் 2 கோடியே 65 லட்சம் பேரின் பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண். அடுத்த மாதம் கிடைத்துவிட்டது, யாரும் திறந்து பார்த்த அடையாளம் இல்லை என்றார்கள். நல்லவேளை. ஆனால் பாருங்கள், சொந்தக்காரன் கேட்டால் ஆயிரம் விதி சொல்கிற ஆபீசிலிருந்து, கோடிக்கணக்கான பேரின் விவரம் ஒரு பையில் வீட்டுக்குப் போகிறது.

1996-ல் வாய்ப்பூட்டு கழன்றது என்றேன் இல்லையா? நோயாளிகளின் விவரங்களைக் காக்கும் சட்டம் ஒன்றும் அதே வருஷம் அமெரிக்காவில் வந்தது. பின்னால் அதற்கு எழுதிய விதிகளில் ராணுவத்துக்கு ஒரு விலக்கு வைத்தார்கள். படையின் பணிக்குத் தேவை என்றால் சிப்பாயின் மருத்துவ விவரத்தை அவன் சம்மதம் கேட்காமலே கமாண்டருக்குக் கொடுக்கலாம். ஒருவன் வேலைக்குத் தகுதியா இல்லையா என்று கமாண்டருக்குத் தெரிய வேண்டியதுதான், மறுக்கவில்லை. 'தகுதி' அல்லது 'தகுதியில்லை' என்று ஒரு வார்த்தை போதாதா? முழு ஃபைல் எதற்கு?

ஃபைல் மேலதிகாரியின் கையில் இருந்தால் வேறொரு ஆபத்தும் உண்டு. அளவு ஏறினால் வேலை போகும் என்று தெரிந்தால் கருவியையே ஏமாற்றத் தோன்றும். ராணுவத்துக்கு வெளியே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. 2011 டிசம்பரில் ஜப்பானில் ஃபுகுஷிமா அணு உலையில் வேலை பார்த்த ஒரு ஒப்பந்த நிறுவனத்தின் அதிகாரி, அளவு குறைவாகக் காட்டட்டும் என்று, கருவியை ஈயத் தகட்டால் மூடச் சொன்னது அம்பலமானது. கணக்குப் புத்தகம் சம்பந்தப்பட்டவனுக்குச் சொந்தமாக இல்லாவிட்டால், அந்தக் கணக்கே பொய்யாகிவிடும்.

ஸ்பெயின் நாட்டுப் பாலோமரெஸ் கிராமத்தின் கதையையும் கேளுங்கள். 1966 ஜனவரி 17 அன்று அங்கே இரண்டு அமெரிக்க ராணுவ விமானங்கள் நடுவானில் மோதின. நான்கு ஹைட்ரஜன் குண்டுகள் கீழே விழுந்தன. அணு வெடிப்பு நிகழவில்லை. ஆனால் இரண்டு குண்டுகள் உடைந்து புளூட்டோனியம் தூசு வயல்களில் பரவியது. சுத்தம் செய்யச் சிப்பாய்களை இறக்கினார்கள். அவர்களிடம் சிறுநீர் மாதிரி எடுத்தார்கள். அளவு அதிகமாகக் காட்டிய பல மாதிரிகளை, 'எடுத்த இடத்திலேயே தூசு கலந்துவிட்டது' என்று ஒதுக்கிவிட்டார்கள். குறைவாகக் காட்டினால் அது உண்மை, அதிகமாகக் காட்டினால் அது தூசு! அங்கே வேலை செய்தவர்களின் புற்றுநோயை, ஆதாரம் கேட்காமல் பணியால் வந்ததாகவே எடுத்துக்கொள்ளும் சட்டம் 2022 ஆகஸ்டில்தான் வந்தது. ஐம்பத்தாறு வருஷம்.

பிரிட்டனும் சளைத்ததில்லை. 1950களில் ஆஸ்திரேலியாவிலும் பசிபிக் தீவுகளிலும் குண்டு வெடித்தபோது அங்கிருந்த பிரிட்டிஷ் படையினர் இருபதாயிரத்துக்கும் மேல். அவர்களில் ஆயிரத்துக்கும் அதிகமானோர் போட்ட வழக்கு 2012 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. முன்மாதிரியாக எடுத்துக்கொண்ட வழக்குகளில் ஒன்பதை, நாலுக்கு மூன்று என்ற கணக்கில், 'காலம் கடந்து வந்தீர்கள்' என்று நீதிபதிகள் தள்ளிவிட்டார்கள். ஃபைலைப் பூட்டி வைத்தவன் மீது தாமதம் இல்லை. பூட்டுக்கு வெளியே நின்றவன் மீது தாமதம்!

இருட்டிலும் ஒரு வெளிச்சம் உண்டு. கிறிஸ்துமஸ் தீவில் நின்ற இரண்டு பிரிட்டிஷ் முன்னாள் படையினர், தங்கள் கதிர்வீச்சு ஆவணங்களைக் கேட்டு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1998 ஜூனில் தீர்ப்பு. ஆவணம் பெற ஏற்கெனவே ஒரு வழி இருந்தது, அதை நீங்கள் பயன்படுத்தவில்லை என்று ஒரே ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார்கள். ஆனால் நீதிமன்றம் ஒரு முக்கியமான விஷயத்தை ஒப்புக்கொண்டது. உடம்புக்குப் பின்னால் கெடுதல் வரக்கூடிய வேலையில் ஓர் அரசு ஆட்களை ஈடுபடுத்தினால், அது பற்றிய எல்லா விவரங்களையும் அவர்கள் கேட்டுப் பெற வழி செய்ய வேண்டும். அந்தக் கடமை எந்த உரிமையிலிருந்து பிறக்கிறது தெரியுமா? தனி வாழ்க்கைக்கான உரிமையிலிருந்து! அதாவது அந்தரங்க உரிமையிலிருந்து. 2005 அக்டோபரில், விஷவாயுச் சோதனைக்கு ஆளான இன்னொரு பிரிட்டிஷ் சிப்பாய், தன் ஆவணங்களுக்காக அதே உரிமையின் பேரில் போராடி ஜெயித்தே விட்டார்.

ஆக, 'அந்தரங்கம் கருதித் தர முடியாது' என்று இனி ஒருவனிடம் அவனுடைய ஃபைலையே மறுப்பது சட்டப்படியும் அபத்தம்.

'எல்லாவற்றையும் திறந்துவிட்டால் ஆராய்ச்சி என்ற பெயரில் பேர் ஊரெல்லாம் வெளியே வந்துவிடாதா?' வராது. நெவாடாவில் 1957-ல் நடந்த 'ஸ்மோக்கி' என்ற வெடிப்பில் கலந்துகொண்ட 3,224 பேரைப் பற்றிய ஆய்வு 1980-ல் வெளிவந்தது. வழக்கமாக மூன்று நான்கு பேருக்கு வரக்கூடிய ரத்தப் புற்றுநோய், ஒன்பது பேருக்கு வந்திருந்தது. உலகம் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த எண்களைத்தான். ஒன்பது பேரின் விலாசத்தை அல்ல.

இதெல்லாம் வெள்ளைக்காரன் பிரச்னை, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கல்பாக்கத்தில் அணு எரிபொருள் மறுசுத்திகரிப்பு ஆலையில் 2003 ஜனவரியில் ஆறு தொழிலாளர்கள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். விஷயம் வெளியே நமக்குத் தெரிவதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கூடங்களை, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கண்பார்வையிலிருந்து 2000-லேயே எடுத்துவிட்டார்கள். அந்த ஆலையும் அதில் அடக்கம். 2009-ல் நம்முடைய அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் அரிஹந்த் கடலில் இறங்கியது. கைதட்டினோம், சரி. அந்தக் கப்பலுக்குள் உலைக்குப் பக்கத்தில் மாதக்கணக்கில் வேலை பார்ப்பவன் யார் வீட்டுப் பிள்ளை? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் நம் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்களே, அது அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான்.

கேட்க வேண்டியது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஃபைலுக்கு நான்கு கதவுகள் வையுங்கள். சம்பந்தப்பட்டவனுக்கு முழுக் கதவும் திறந்திருக்கட்டும். ஒவ்வொரு வருஷமும் அவன் வாங்கிய அளவு எழுத்தில் அவன் கைக்கு வரட்டும், ஓய்வு பெறும் நாளில் முழுக் கணக்கும் வரட்டும், அவனுக்குப் பிறகு அது அவன் குடும்பத்துக்குப் போகட்டும். அவன் கைகாட்டுகிற டாக்டருக்கு இரண்டாவது கதவு. ஆராய்ச்சிக்காரர்களுக்கும் பொதுமக்களுக்கும் பெயர் நீக்கிய எண்கள் மட்டும். மேலதிகாரிக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும்.

உலை எப்படி இயங்குகிறது, கப்பல் எங்கே நிற்கிறது என்பதெல்லாம் ராணுவ ரகசியமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். யாரும் கேட்கப்போவதில்லை. ஒருவனுடைய எலும்புக்குள் இறங்கிய கதிர்வீச்சு அவனுடைய சொந்தச் செய்தி. நாட்டுக்காக உடம்பைக் கொடுத்தவனிடம், அந்த உடம்பைப் பற்றிய காகிதத்தைக் கொடுக்க மறுக்கிற அரசாங்கத்துக்கு, அவனுக்கு மெடல் குத்துகிற அருகதை கிடையாது.